இருபதாவது எழுத்து

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், கையெழுத்து அழகாக இருக்கும் என்பேன். அதற்கு மேல் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

நான் ஒரு பெரிய மருத்துவமனையில் நெட்வொர்க் பார்ப்பவள். பதினொரு வருஷமாக இதே வேலை. ஆறு மாடிக் கட்டடத்தில் எந்தச் சுவருக்குப் பின்னால் எந்த வயர் ஓடுகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன். கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றபோது, அந்த நாற்காலி எனக்குத்தான் என்று வாசல் காவலாளி வரைக்கும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொண்டு வந்து உட்கார வைத்தது யாரை என்றால், அத்தானை. வெளியிலிருந்து. எங்கள் வயர் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்திராத மனிதரை.

நேர்காணலுக்குப் போகிறேன் என்று அவர் என்னிடம் மூச்சு விடவில்லை. இத்தனைக்கும் நான் குடியிருப்பது அவர் வீட்டு மாடியில். ராத்திரிச் சாப்பாடு அவர் எதிரில், ஒரே மேஜையில். ஆர்டர் கையில் வந்த அன்று அக்காதான் மாடியேறி வந்தாள்.

"உனக்கும் நல்லதுதானேடி? யாரோ ஒருத்தன் வந்து உக்காந்து உன்ன அதிகாரம் பண்றதுக்கு, வீட்டு மனுஷன் இருந்தா ஒத்தாசையா இருக்குமில்ல?"

அக்காவுக்கு உலகத்தில் எல்லோரும் ஒத்தாசைக்காகவே பிறந்தவர்கள். "ரொம்ப நல்லது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் பிரிவில் அவருக்கு 'லெட்டர்பேட்' என்று பெயர் விழுந்தது. தண்ணீர் பாட்டிலில்கூடப் பெயர், பட்டம், பதவி, பிரிவு என்று நாலு வரி அச்சடித்து ஒட்டியிருப்பார். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. வைத்தவனை நான் கண்டிக்கவும் இல்லை.

இங்கே கொஞ்சம் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். ஸ்விட்ச் என்று நாங்கள் சொல்வது சுவரில் லைட் போடுகிற சமாச்சாரம் அல்ல. தட்டையான ஓர் இரும்புப் பெட்டி. முகம் முழுக்க நாற்பத்தெட்டு ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு வயர். எங்கள் அறையிலிருந்து போகும் தாய் வயருக்கு மட்டும் ஓரத்தில் தனி ஓட்டை. மாடிக்கு இரண்டு பெட்டி, கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர், டெலிபோன், நோயாளியின் தலைமாட்டு மானிட்டர் எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் பேசும். பெட்டிக்கு ஏதாவது கட்டளை கொடுக்க மாடியேற வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் கம்ப்யூட்டரில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து டைப் அடித்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதே கறுப்பு, அதே வெள்ளை எழுத்து. எந்தப் பெட்டிக்குள் இருக்கிறோம் என்று சொல்வது, வரியின் ஆரம்பத்தில் தானாக வந்து நிற்கும் ஒரு பெயர் மட்டும்தான். அதற்கு ப்ராம்ப்ட் என்று பெயர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். ஒரு தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் போட்ட மாதிரி. அதை நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். நான் வேலையில் சேர்ந்த முதல் மாதமே மாற்றிவிட்டேன். கிழக்கு-3, மேற்கு-3 என்று சின்னச் சின்னப் பெயர்கள். மூன்றாம் மாடி கிழக்கில் இதய வார்டு. பதினாலு கட்டில், பதினாலு மானிட்டர். அந்தப் பெட்டிக்கு மட்டும் 'கிழக்கு-3-ஜாக்கிரதை' என்று வைத்தேன். பதினொரு வருஷத்தில் அந்தப் பெட்டியில் ஒருவரும் கை தவறியதில்லை.

அத்தான் வந்த இரண்டாம் வாரம், பத்துப் பேர் இருந்த மீட்டிங்கில், பெரிய திரையில் அந்தப் பெயரைக் காட்டினார்.

"இது என்னம்மா? லாரி பின்னாடி எழுதுற மாதிரி ஜாக்கிரதைன்னு?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்களும் சேர்ந்துதான்.

"சார், அது இதய வார்டு..."

"இருக்கட்டும். ஆடிட்டுக்கு வெளியாள் வந்து பார்த்தா என்ன நினைப்பான்? இது ஆஸ்பத்திரியா, லாரி ஷெட்டா? இனிமே ஒரே ஸ்டாண்டர்ட். முதல்ல ஆஸ்பத்திரி பேரு முழுசா, அப்புறம் பிளாக், அப்புறம் மாடி, கடைசியில திசை. பன்னண்டு ஸ்விட்சுக்கும்."

வீட்டில் 'நீ வா போ' என்பவர் ஆபீசில் என்னை 'அம்மா' என்பார். அந்த 'அம்மா'வில் ஒரு விரலால் தள்ளிவிடுகிற தொனி இருக்கும்.

என் இடத்துக்கு வந்து, உதிரியாகக் கிடந்த ஒரு பெட்டியில் அவர் கேட்ட நீளப் பெயரைப் போட்டுப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்க்கும்போது முழுப் பெயரும் வந்தது. ஆனால் கட்டளை கொடுக்கும் நிலைக்குள் நுழைந்த உடனே, அந்த நிலையைக் காட்டும் சொல்லுக்கு இடம் வேண்டும் என்பதால், பெட்டி பெயரை இருபதாவது எழுத்தோடு கத்தரித்துவிட்டது. ஆஸ்பத்திரி பெயர் வந்தது. பிளாக் வந்தது. மாடி வந்தது. திசை போய்விட்டது. அதாவது சும்மா வேடிக்கை பார்க்கும்போது கிழக்கு மேற்கு தெரியும். கத்தியைக் கையில் எடுத்த பிறகு தெரியாது.

அவர் அறைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன்.

"சார், பேரு நீளமா இருந்தா உள்ள போகும்போது..."

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்க வசதிக்காக ஸ்டாண்டர்டை மாத்த முடியாதும்மா. பதினோரு வருஷப் பழக்கம், விடக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"அப்போ எழுத்துல குடுங்க."

கொடுத்தார். பெயர், பட்டம், பதவி, பிரிவு எல்லாம் கீழே போட்டு ஒரு மெயில். அதை அச்செடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினேன். சொல்ல வந்தேன், சொல்லவிடவில்லை என்று அதற்கப்புறம் எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீதி வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஐந்து விநாடி ஆகியிருக்கும். அந்த ஐந்து விநாடியை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நாற்பது நிமிஷத்தில் பன்னிரண்டு பெட்டிக்கும் பெயரை மாற்றினேன். ஓர் எழுத்து கூடக் குறைய இல்லாமல், அவர் சொன்னது சொன்னபடி. பிறகு என் கம்ப்யூட்டரில் மட்டும் கிழக்குப் பெட்டிகளின் ஜன்னலுக்குச் சிவப்பு, மேற்குக்குப் பச்சை என்று நிறம் வைத்துக்கொண்டேன். நான் விழமாட்டேன். மற்றவர்களுக்கு அந்த நிறத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடட்டும் என்று காத்திருந்தேன். அவர் கெட்டால் நாற்காலி காலியாகும். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் போனது. மூன்றாம் மாடி மேற்கில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நோயாளிகளை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். காலியான பக்கத்தின் வயர்களை ஒரே கட்டளையில் நிறுத்திக் காட்டுகிறேன், கரண்டும் மிச்சம், பாதுகாப்பும் ஆச்சு என்று அத்தான் நிர்வாக அதிகாரியைத் தன் அறைக்கே கூட்டிவந்தார். காலை பத்தரை மணி. நிர்வாக அதிகாரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிற மனிதர். எதையும் இரண்டு தரம் கேட்பார். நான் அத்தான் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றேன். வித்தை காட்டுகிறவருக்கு ஒரு கையாள் வேண்டுமே.

அத்தான் இரண்டு ஜன்னல்களைத் திறந்தார். "பாருங்க சார், இது கிழக்கு, ஆள் இருக்கிற விங். எல்லாம் ஜோரா ஓடுது. இது மேற்கு, ஈ காக்கா இல்ல." இரண்டிலும் கட்டளை நிலைக்குள் நுழைந்தார். இரண்டு ப்ராம்ப்டும் வால் அறுந்து நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்று. அதிகாரிக்குச் சரியாகத் தெரியவில்லை என்றதும் ஜன்னல்களை இழுத்து, நகர்த்தி, ஒன்றைப் பெரிதாக்கினார். அதில் நாற்பத்தெட்டு ஓட்டையையும் தேர்ந்தெடுத்து, நிறுத்து என்ற கட்டளையை டைப் அடித்தார். என்டரைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

"ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரி. "இதனால வருஷத்துக்கு எவ்வளவு யூனிட் மிச்சமாகும்?"

அத்தான் கையை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார். பேச்சென்றால் அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

நான் திரையைப் பார்த்தேன். ப்ராம்ப்ட் மொட்டையாக நின்றது. ஆறு வரிக்கு மேலே, உள்ளே நுழைவதற்கு முன்னால் வந்த வரியில், பெயர் முழுசாக இருந்தது. கடைசிச் சொல் கிழக்கு.

என் நெஞ்சு ஒரு முறை உதைத்துக்கொண்டது. பயம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது சந்தோஷம். இதோ, நிர்வாக அதிகாரியின் கண் முன்னால், பட்டப்பகலில், தானே போட்ட ஸ்டாண்டர்டில் தானே விழப் போகிறார். வார்டிலிருந்து ஆள் ஓடி வரும். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். நான் கீபோர்டைப் பிடுங்கிச் சரிசெய்வேன். எல்லாம் படமாக ஓடியது.

'சார், அது கிழக்கு.' மூன்றே சொல். வாய் திறக்கவில்லை. பதினாலு கட்டில் ஞாபகத்துக்கு வந்தது, அப்போதும் திறக்கவில்லை. கால்தான் நகர்ந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மேஜை, நாலு எட்டு. போய் டெலிபோனை எடுத்து இதய வார்டின் தலைமை நர்ஸைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், உங்க ஸ்க்ரீன் கொஞ்ச நேரம் நின்னு போகலாம். எல்லாரையும் கட்டில் பக்கத்துல போய்க் கண்ணால பார்த்துக்கச் சொல்லுங்க."

"ஐயோ, எப்போ?"

"இப்போ."

திரும்பி வந்து அதே இடத்தில் கைகட்டி நின்றேன். அத்தான் யூனிட் கணக்கை முடித்து, திரும்பி, ஒரு விரலால் ஸ்டைலாக என்டரைத் தட்டினார்.

"அவ்வளவுதான் சார். முழு விங்கும் தூங்கிடுச்சு."

தூங்கியது. அதிகாரி பாராட்டினார். அத்தான் காபி சொன்னார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாவது நிமிஷம் மூன்றாம் மாடி வார்டு உதவியாளர் படியில் ஓடிவந்து மூச்சிரைக்கக் கதவைத் தள்ளினார். "ஸ்க்ரீன் எல்லாம் செத்துப் போச்சு! ஃபோனும் வேலை செய்யல!" அத்தான் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மேற்கு ஜன்னல் என்று நினைத்ததையே வெறித்துப் பார்த்தார். நான் அவர் நாற்காலியைச் சக்கரத்தோடு தள்ளிவிட்டு, நின்றபடியே கட்டளையைத் திருப்பி அடித்தேன். பத்து விநாடி. அந்தப் பத்து விநாடி எவ்வளவு இனித்தது என்று நான் மறைக்கப் போவதில்லை.

அந்த நாலு நிமிஷத்தில் ஒன்பதாம் கட்டிலில் இருந்த ஓய்வு பெற்ற தபால்காரருக்கு இதயம் நின்றுவிட்டது என்பது மத்தியானம்தான் தெரிந்தது. நர்ஸ் பக்கத்திலேயே இருந்ததால் நெஞ்சை அழுத்தி மீட்டுவிட்டார்கள். இனிப்பு அதோடு போயிற்று. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிராயரில் மெயில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் அக்கா என் தட்டில் சாதத்தை வைத்துக்கொண்டே கேட்டாள். அத்தான் சாப்பிட வரவில்லை. இரண்டு நாளாக உள்ளே படுத்திருந்தார்.

"நாளைக்கு என்னடி சொல்லப் போற?"

"நடந்ததை."

"அந்த மெயிலைக் காட்டாம இருக்க முடியாதா? அம்பது வயசுல வேலை போனா அவர் எங்க போவாரு?"

"பதினோரு வருஷம் நான் எங்க போனேன்? அதை யாராச்சும் கேட்டீங்களா?"

"உன் தட்டுல நான் எப்பவாவது குறைச்சு வெச்சிருக்கேனா?"

"சாப்பாட்டைக் கணக்குச் சொல்றியா?"

அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதற்கு நான் என்ன செய்ய?

விசாரணை, மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அறையில். அவர் அறுவை சிகிச்சை டாக்டர், பெரியம்மா வயது, ஒரு சொல்லைக்கூட வீணாக்க மாட்டார். நிர்வாக அதிகாரி ஒரு பக்கம். எதிரில் அத்தான். என் பக்கத்தில் தலைமை நர்ஸ். உட்காரும்போதே என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

மெயிலை எடுத்து வைத்தேன். பெயர் இருபதாவது எழுத்தில் அறுந்துபோவதை என் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன்.

"இது உங்க உத்தரவுதானா?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர்" என்றார் அத்தான். குரல் தரையில் இருந்தது. "அவங்க ஏதோ சொல்ல வந்தாங்க. நான் கேட்டுக்கல."

டாக்டர் எழுதினார். நிர்வாக அதிகாரி என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, நாற்காலி என் பக்கம் திரும்பிவிட்டது என்று. அப்போதுதான் நர்ஸ் வாயைத் திறந்தார்.

"டாக்டர், நானும் ஒண்ணு சொல்லிடறேன். எல்லாரும் குத்தம் சொல்ற நேரத்துல நல்லது செஞ்சவங்களை விட்டுடக் கூடாது. அன்னிக்கு ஒன்பதாம் பெட்காரர் பொழைச்சது இவங்களாலதான். ஸ்க்ரீன் நிக்கறதுக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி, கண்ணால பாருங்கன்னாங்க. நான் போய்ப் பக்கத்துல நின்னேன். நிக்கும்போதே அவருக்கு மூச்சு போச்சு."

டாக்டரின் பேனா நின்றது. "நிக்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமா டாக்டர். ஃபோனை வெச்சுட்டு, எல்லாரையும் அனுப்பிட்டு, நான் போய்ச் சேர்ந்த அப்புறம்தான் ஸ்க்ரீன் போச்சு." நர்ஸ் பெருமையாக என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். பேசியது அத்தான். என்னைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்து.

"அந்தப் பதட்டத்துல நேரம் முன்ன பின்ன தோணும் டாக்டர். நின்ன உடனே இவங்க ஃபோன் பண்ணியிருப்பாங்க. ரொம்ப வேகமானவங்க. எனக்குத் தெரியும்."

அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அது பொய் என்று அவருக்குத் தெரியும். நான் எழுந்து போனதும் திரும்பி வந்து நின்றதும் அந்தக் கண்ணாடித் தடுப்பில் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்றுகிறார். இவர்! என்னை!

தலையை ஆட்டியிருந்தால் போதும். நாற்காலி எனக்கு. டாக்டரும் பேனாவை எடுத்துவிட்டார். ஆனால் அந்தத் தலையாட்டலோடு, ஆயுசு முழுக்க அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் போட்ட பிச்சையைச் சாப்பிட வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நியாயத்துக்காகப் பேசினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தில் பேசினேன்.

"இல்ல டாக்டர். வார்டு ஃபோனும் அதே பெட்டி வழியாத்தான் போகுது. பெட்டி நின்ன அப்புறம் அந்த ஃபோன் அடிக்கவே அடிக்காது. முன்னாடிதான் பண்ணேன். அவர் தப்பான ஜன்னல்ல இருக்கறதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பண்ணேன்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். நிர்வாக அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நர்ஸின் கை என் கை மேலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்று அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

"இவர் பக்கத்துலதானே நின்னீங்க?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டார். "இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. எனக்கு எதுக்கு ஃபோன் பண்ணீங்க?"

அவர் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் நானும் அத்தானும் மட்டும்தான்.